ஐந்து தடவை நடந்தால்தான் தெரு

அந்தக் குடியிருப்பில் வீட்டு நம்பரை நம்பி யாரும் எந்த வீட்டுக்கும் போய்ச் சேர்ந்ததில்லை. எந்த வீடு முதலில் கட்டி முடிந்ததோ அதற்கு ஒன்று, அடுத்ததற்கு இரண்டு என்று யாரோ ஒரு புண்ணியவான் நம்பர் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். பதினாலாம் நம்பருக்குப் பக்கத்து வீடு இருநூற்று மூன்று. அதற்கு எதிர்வீடு ஒன்பது. பத்தைத் தேடிப் போனால் அது தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால், நாலு சந்து தள்ளி, எனக்கென்ன என்று உட்கார்ந்திருக்கும். போனில் வருகிற மேப்பில் அந்த இடம் முழுக்க வெறும் சாம்பல் நிறம். ஒரு கோடு கிடையாது.

இந்தச் சாம்பலுக்குள் இருபத்திரண்டு வருஷமாகப் பார்சல் கொடுத்துவந்தவர் ஒருவர் உண்டு. கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டாலும் கதவைத் தட்டிக் கையெழுத்து வாங்கிக்கொண்டு திரும்பிவிடுவார். சைக்கிளில் இரண்டு பக்கமும் பையைத் தொங்கவிட்டு, ஏறி மிதிக்காமல் தள்ளிக்கொண்டே போவார். சந்துகள் அவ்வளவு குறுகல். ஆபீசில் அவருக்குப் பெயர் காம்பஸ். திசை தெரிந்தவர் என்பதற்காக வைத்த பெயர் என்று அவர் நினைத்துக்கொண்டிருந்தார். உண்மையில் அவருடைய இடது முட்டி மடங்காது. ஒரு காலை ஊன்றி, மறுகாலைச் சுற்றி வீசி அவர் நடப்பது ஜியாமெட்ரி பாக்ஸில் கிடக்கும் காம்பஸ் வட்டம் போடுவதைப் போலவே இருக்கும். இதை அவரிடம் யாரும் சொல்லவில்லை. நல்ல மனுஷர்கள்.

டாக்டர் மட்டும் ஒளிக்காமல் சொல்லிவிட்டார். "இன்னும் ஒரு வருஷம் இப்படி நடந்தீங்கன்னா, முட்டி ஒரு பக்கம் போகும், நீங்க ஒரு பக்கம் போவீங்க."

அதே மாதம் ஆபீசில் பார்சல் பிரிக்கிற மேசைக்கு ஆள் தேவைப்பட்டது. மேசை என்றால் நாற்காலி உண்டு. சுழல்கிற நாற்காலி. காம்பஸ் கேட்டார். மேனேஜரம்மா பேனாவை மூடி வைத்துவிட்டு யோசித்தார்.

"குடுக்கறேன். ஆனா நீங்க உக்காந்துட்டா அந்த ஏரியாவுக்கு யார் போறது? போன வருஷம் நீங்க லீவுல இருந்தப்ப போட்ட ஆளு ரெண்டு பார்சலோட சாயங்காலம் வரைக்கும் சுத்திட்டு, ஒரு கல்யாண வீட்ல சாப்டுட்டு வந்தாரு."

"நான் வழி சொல்லிக் குடுத்துடறேன் மேடம்."

"வாயால வேண்டாம். உங்க மண்டைக்குள்ள இருக்கறத எடுத்து மேப்பா குடுங்க. புது ஆளு அதை மட்டும் பார்த்து, யார்கிட்டயும் வழி கேக்காம, உங்களுக்கும் போன் பண்ணாம, ஒருநாள் பார்சலை அஞ்சு மணிக்குள்ள முடிக்கணும். முடிச்சா நாற்காலி உங்களுக்கு. இல்லன்னா சைக்கிள் இருக்கவே இருக்கு."

காம்பஸ் அன்று மாலையே ஒரு பெரிய தாளை விரித்து வரைந்தார். வரைந்து முடித்ததும் அது கோழி கிளறின குப்பை மாதிரி இருந்தது. அவருடைய மனைவி எட்டிப் பார்த்தார்.

"என்னங்க இது, தலைமுடியா?"

"நம்ம ஏரியா."

"பாவம், சீப்பு படாத ஏரியா போல."

மனைவி வீட்டில் கம்ப்யூட்டர் எம்பிராய்டரி செய்பவர். பள்ளிக்கூடப் பைக்கு முத்திரை, துண்டுக்குப் பூ, ஹோட்டல்காரர்களின் சட்டைப் பையில் பெயர். படத்தைக் கம்ப்யூட்டரில் கோடாக மாற்றி, கோட்டை மிஷினுக்குத் தையலாகக் கொடுப்பது அவர் தொழில். அவருக்கு உலகத்தில் எதைப் பார்த்தாலும் ஊசி எங்கே இறங்கும், நூல் எங்கே அறும் என்றுதான் தோன்றும்.

"நீங்க எதுக்கு வரையறீங்க? போன்ல ஜிபிஎஸ் பதிவை ஆன் பண்ணிட்டு வழக்கம்போல நடங்க. நீங்க போன தடம் கோடா வந்துரும். கோட்டைக் கொண்டாந்து எங்கிட்ட குடுங்க. கோட்டை மயிலாவே மாத்தறவ நான். தெருவா மாத்தறதா கஷ்டம்?"

முப்பது நாள் நடந்தார். முப்பது தடம் வந்தது. முதல்நாள் தடத்தைத் திரையில் போட்டதும் மனைவி கன்னத்தில் கை வைத்துக்கொண்டார். இரண்டு சுவருக்கு நடுவில் போகும்போது ஜிபிஎஸ் தடுமாறும். புள்ளி அங்கும் இங்கும் துள்ளும். கோடு சுவரேறிக் குதித்து, ஒரு வீட்டுச் சமையலறை வழியாக வெளியேறி, மறுபடி தெருவுக்கு வந்திருந்தது.

"உண்மையைச் சொல்லுங்க, டூட்டி நேரத்துல குடிக்கறீங்களா?"

"சத்தியமா இல்லம்மா!"

மனைவி சிக்கெடுத்தார். துள்ளின புள்ளிகளை நீக்கினார். ஒருநாள் தடத்தின்மேல் மறுநாள் தடத்தை, பூவின்மேல் பூ வைத்துத் தைப்பதுபோல் அடுக்கினார். பிறகு மேலிருந்து எடுத்த ஏரியாப் படத்தைக் கீழே விரித்து, கோடுகளை அதன்மேல் கண்ணாடித்தாள்போலப் போர்த்தி, மூன்று இடத்தில் பிடித்தார்: தண்ணீர்த் தொட்டி, பள்ளி மைதானத்தின் மூலை, ரயில்வே கேட். முதல்தடவை மூன்றாவது பிடி தப்பிப்போய் மொத்தக் குடியிருப்பும் பக்கத்து ஏரிக்குள் இறங்கிவிட்டது. "இவ்வளவு பேருக்கும் நீச்சல் தெரியுமாங்க?" என்று கேட்டுவிட்டு, பிரித்து மறுபடி பிடித்தார். இரண்டாம் தடவை அச்சாகப் பொருந்தியது. காம்பஸ் எழுந்து நின்றுவிட்டார். இருபத்திரண்டு வருஷம் காலால் நடந்ததைக் கண்ணால் பார்ப்பது அவருக்கு அதுதான் முதல்தடவை.

இதில் மனைவி தன் தொழில் வழக்கப்படி இரண்டு காரியம் செய்திருந்தார். ஐந்து தடவைக்குக் குறைவாக நடந்த கோடு எதுவானாலும் அது நூல் பிசிறு, தானாக வெட்டிவிடு என்று கம்ப்யூட்டருக்குச் சொன்னார். அடிக்கடி நடந்த கோடு தடிமனாகும். அதுபோல அவர் எங்கே நின்றாரோ அங்கே ஒரு முடிச்சு. அதிக நேரம் நின்ற இடத்தில் பெரிய முடிச்சு; பக்கத்தில் காம்பஸ் சொன்ன வீட்டு நம்பர். கணக்குச் சரிதான். ஆனால் புருஷனும் பெண்டாட்டியுமாகச் சேர்ந்து ஒன்றைக் கவனிக்கவில்லை. திரையில் இருந்தது குடியிருப்பின் மேப் இல்லை. அது காம்பஸின் மேப். மனுஷர் எங்கே நிழலுக்கு ஒதுங்குவார், எந்த நாய்க்குப் பயந்து சுற்றிப் போவார் என்பதெல்லாம் அதில் தேசிய நெடுஞ்சாலை மாதிரி தடிமனாக விழுந்திருந்தது. அவர் போகாத இடம் அதில் இல்லவே இல்லை.

போகாத இடம் ஒன்று இருந்தது. ஆபீஸின் பின்வாசலில் இறங்கினால் சின்னக் கடைத்தெரு. ஆறு கடை. அதன் அந்தக் கோடியில் சலூன். நடுவில் அவருடைய சகலையின் பெயிண்ட் கடை. நான்கு வருஷத்துக்கு முன்னால் சகலை காம்பஸிடம் ஏணி இரவல் வாங்கினார். பெயிண்ட் கடைக்காரரிடம் ஏணி இல்லையா என்று கேட்கக்கூடாது. செருப்புக் கடைக்காரர் வெறுங்காலோடு நடப்பதில்லையா? பதினோரு படியோடு போன ஏணி பத்துப் படியோடு திரும்பி வந்தது. காம்பஸ் கேட்டார். சகலை, "எண்ணிக் குடுத்தீங்களா?" என்றார். அவ்வளவுதான். அன்றோடு பேச்சு நின்றது. பேச்சோடு போக்குவரத்தும் நின்றது. அக்காளும் தங்கையும் தினமும் போனில் பேசிக்கொண்டு, புருஷன்மார்களைப் பற்றி ஒருவருக்கொருவர் ஆறுதல் சொல்லிக்கொண்டார்கள். காம்பஸ் மட்டும் அந்தத் தெருவைத் தொடாமல், பள்ளி மைதானத்தைச் சுற்றி, பதினோரு நிமிஷம் கூடுதலாக நடந்து சலூனுக்கு வருவார். அங்கே ஃபேனுக்கு அடியில் அரைமணி நேரம் பேப்பர் படிப்பார். கடைத்தெருப் பார்சல்களையெல்லாம் சலூன்காரரிடமே இறக்கிவிடுவார். சலூன்காரர் கொண்டுபோய்க் கொடுத்துவிடுவார்.

ஆகவே மேப்பில் கடைத்தெரு கிடையாது. நான்கு வருஷமாகக் கண்ணில் படாத தெரு மேப்பில் இல்லை என்பது காம்பஸ் கண்ணில் எப்படிப் படும்?

சோதனைக்கு வந்த புது ஆள் பட்டாளத்தில் பதினேழு வருஷம் இருந்தவர். வந்த அன்றே பெயர் பட்டாளம் ஆகிவிட்டது. காம்பஸ் அவர் கையில் ஆபீஸ் போனைக் கொடுத்து விளக்கினார்.

"இந்தக் கோட்டு மேலயே போங்க. முடிச்சு வந்தா நில்லுங்க. முடிச்சு பெருசா இருந்தா அதிக நேரம் நிக்கணும்."

"எதுக்கு நிக்கணும் சார்?"

"பார்சல் குடுக்கத்தான்."

"குடுத்த பிறகும் நிக்கணுமா சார்?"

"முடிச்சு எவ்வளவோ அவ்வளவு," என்றார் காம்பஸ், அவசரத்தில்.

நாற்பது பார்சல். காலை ஒன்பதுக்குப் பட்டாளம் புறப்பட்டார். ஆபீஸ் கம்ப்யூட்டரில் அவர் ஒரு நீலப் புள்ளியாக நகர்ந்தார். காம்பஸ் ஸ்டூலில் உட்கார்ந்து அந்தப் புள்ளியையே பார்த்துக்கொண்டிருந்தார். பள்ளிக்கூடத்தில் பிள்ளையை முதல்நாள் விட்டுவிட்டு ஜன்னலில் நிற்கிற அம்மா தோற்றுப்போவாள்.

பதினோரு மணிக்குப் புள்ளி பம்ப் ஹவுஸை வட்டமடித்தது. ஒன்று, இரண்டு, ஏழு சுற்று.

"ஏன் சுத்தறாரு?" என்றார் மேனேஜரம்மா.

காம்பஸ் காதுமடல் சிவந்தது. அந்த நேரத்துக்குத்தான் தினமும் மனைவி போன் செய்வார். போன் பேசினால் காம்பஸுக்கு நிற்கத் தெரியாது, சுற்றி நடப்பார். "அது... வெய்ட் பண்ற இடம் மேடம்."

மதியம் புள்ளி ஒரு பூட்டிய வாசலில் இரண்டு நிமிஷம் நின்றது. அந்த வீட்டுப் பெரியவர் போன வருஷம் இறந்துபோனார். அங்கே பார்சல் போவதில்லை. காம்பஸ் மட்டும் பழக்கத்தில் நின்று, மூச்சு வாங்கிவிட்டுப் போவார். பட்டாளம் அங்கே அட்டென்ஷனில் நின்றதாகப் பிறகு எதிர்வீட்டார் சொன்னார்கள்.

இருந்தும் வேலை நடந்தது. மூன்றரைக்கு முப்பத்தொன்பது பார்சல் முடிந்துவிட்டது. நாற்காலியின் கைப்பிடியைக் காம்பஸ் ஒருமுறை தடவிப் பார்த்துக்கொண்டார். அப்போது புள்ளி சலூனில் போய் நின்றது. நான்காயிற்று. நான்கு பத்தாயிற்று. நகரவில்லை.

காம்பஸ் லிஸ்டை எடுத்து நாற்பதாவது பார்சலைப் பார்த்தார். பெயிண்ட் கடை. சகலை பெயர்.

சலூனுக்குப் போன் போட்டார். சலூன்காரருக்குப் போன் போடக்கூடாது என்று யாரும் சொல்லவில்லையே.

"அண்ணே, உங்க ஆளு அரைமணியா என் நாற்காலில உக்காந்திருக்காரு. மேப்புல பெரிய முடிச்சாம். சும்மா உக்காந்திருக்காரேன்னு முடி வெட்டி விட்டுட்டேன்."

"பார்சலை நீ வாங்கிக்கயேன்!"

"கேட்டேனே! சம்பந்தப்பட்டவர் கையெழுத்து வேணுமாம், குடுக்க மாட்டேங்கறாரு. சரி, கடை பக்கத்துலதான்னு சொல்ல வாயைத் திறந்தேன். வழி கேக்கக் கூடாதுன்னு உத்தரவாம், ரெண்டு காதையும் பொத்திக்கிட்டாரு. இப்பவும் பொத்திக்கிட்டுத்தான் உக்காந்திருக்காரு."

காம்பஸ் மனைவியை அழைத்தார்.

"கடைத்தெருவை உடனே மேப்புல போட முடியுமா?"

மறுமுனையில் தையல் மிஷின் நின்றது. "இந்த மேப்புல கையால கோடு போட வழியில்லைங்க, நடந்த தடம்தான் உள்ள ஏறும். நீங்க நடந்தா இங்கேருந்து ஏத்திவிடறேன், அவர் போன்ல தெரிஞ்சுரும். ஆனா..."

"ஆனா?"

"அஞ்சு தடவை நடக்கணும். இல்லன்னா பிசிறுன்னு வெட்டிரும்."

"அந்த அஞ்சை ஒண்ணாக்கு!"

"ஆக்கலாம். ஆக்கினா முப்பது நாளும் முதல்லேருந்து ஏறும். இந்த ஓட்டைக் கம்ப்யூட்டருக்கு ஒண்ணரை மணி நேரம். பேசிட்டே நிக்காதீங்க, கிளம்புங்க."

மேனேஜரம்மா புருவத்தைத் தூக்கினார். "எங்க?"

"மேப்புல ஒரு இழை விட்டுப்போச்சு மேடம்."

"அவர்கிட்ட பேசக் கூடாது."

"பேச மாட்டேன் மேடம். நடக்கத்தான் போறேன்."

பின்வாசல் தாழ்ப்பாள் துருப்பிடித்திருந்தது. நான்கு இருபதுக்குக் காம்பஸ் போனை மார்போடு பிடித்துக்கொண்டு கடைத்தெருவில் இறங்கினார்.

முதல்தடவை வானத்தைப் பார்த்துக்கொண்டே போனார். பெயிண்ட் கடைக்குள் ஒரு டின் மூடி உருண்டு விழும் சத்தம் கேட்டது. கோடியில் சலூன் கண்ணாடிக்குப் பின்னால் பட்டாளம் அவரைப் பார்த்ததும் காதோடு கண்ணையும் மூடிக்கொண்டார். காம்பஸ் திரும்பினார்.

இரண்டாம் தடவை சகலை வாசலுக்கு வந்து நின்றார். புருவத்தில் பச்சைப் பெயிண்ட். "யாரோ வழி தவறி வந்துட்டாங்க போல," என்று மின்கம்பத்திடம் சொன்னார்.

மூன்றாம் தடவை சகலைக்குப் பொறுக்கவில்லை.

"சகலை, முறைக்கறதுன்னா நின்னு முறைங்க. இப்படிப் போயிப் போயி வந்து முறைச்சா எனக்குக் கழுத்து வலிக்குது."

"நான் முறைக்கல. தெரு போடறேன்."

"தெருதான் இருக்கே! அது மேலதானே நடக்கறீங்க?"

"மேப்புல இல்ல."

"ஏன் இல்ல?"

காம்பஸ் மணியைப் பார்த்தார். நடையைக் கட்டினார். நான்காம் தடவை பாதியில் முட்டி வேலைநிறுத்தம் செய்தது. சுவரைப் பிடித்துப் பிடித்து ஆபீஸ் வாசல்வரை போய்த் தொட்டுவிட்டு, மேற்கொண்டு ஓர் அடி வைக்க முடியாமல் படியில் உட்கார்ந்துவிட்டார். மணி நான்கு நாற்பத்தொன்று. சகலை டின் திறக்கிற கம்பியைக் கையில் வைத்துக்கொண்டே ஓடிவந்தார்.

காம்பஸ் எல்லாவற்றையும் சொன்னார். நாற்காலி, ஐந்து தடவை, காதைப் பொத்திக்கொண்ட பட்டாளம். சொல்லும்போது அவருக்கே நம்பமுடியவில்லை.

"அப்போ நாலு வருஷமா என் பார்சலை சலூன்காரன் கொண்டாந்து குடுத்தது இதுக்குத்தானா? நான் அவன் பார்சல் கம்பெனிலயும் பார்ட் டைம் பாக்கறான்னு நெனச்சுட்டேன்."

"ஏணியோட அந்தப் படியை..."

"சகலை, மணி என்ன ஆகுது! படியை அப்புறம் எண்ணலாம். இந்த போன் நடந்தாப் போதுமா? யாரு காலுன்னு அதுக்குத் தெரியுமா?"

"தெரியாது."

சகலை போனைப் பிடுங்கிக்கொண்டு ஓடினார்.

"ஓடாதீங்க! ஓடினா புள்ளி விட்டு விட்டு விழும்! என்னை மாதிரி நடங்க!"

சகலை அதை அப்படியே எடுத்துக்கொண்டார். நட்டநடுத் தெருவில், ஒரு கால் ஊன்றி, மறுகால் வீசி, வட்டம் போட்டுக்கொண்டு கோடிவரை போனார். அவசியமே இல்லை. காம்பஸ் படியிலிருந்து கழுத்தை நீட்டிப் பார்த்தார். தான் எப்படி நடக்கிறோம் என்று அவர் அன்றுவரை பின்னாலிருந்து பார்த்ததில்லை. ஆபீசில் வைத்த பெயருக்கு அர்த்தம் அந்தப் படியில் உட்கார்ந்திருந்தபோதுதான் விளங்கியது. கோபம் வரவில்லை, சிரிப்புத்தான் வந்தது. முட்டி குலுங்கி வலிக்கிற அளவுக்குச் சிரித்தார்.

கோடியில் போன் அடித்தது.

"ஏங்க! வந்துருச்சு, கோடு வந்துருச்சு!"

"அக்கா, நான்தான் பேசறேன்."

"அவர் உயிரோட இருக்காருல்ல?" என்றார் மனைவி.

சலூன் நாற்காலியில் பட்டாளம் ஒரு கண்ணைத் திறந்து போனைப் பார்த்தார். இல்லாத இடத்தில் ஒரு தெரு முளைத்திருந்தது. எழுந்தார், உதிர்ந்த முடியைத் தட்டினார், புறப்பட்டார். சகலை அவருக்கு முன்னால் ஓடிப்போய்க் கடைக்குள் நின்று, காத்திருப்பவர்போல் முகத்தை வைத்துக்கொண்டார்.

"சம்பந்தப்பட்டவர் நீங்கதானா?"

"நான்தான்."

"அடையாள அட்டை?"

"யோவ், தலைக்கு மேல போர்டு இருக்கு பாருய்யா!"

"போர்டு கையெழுத்துப் போடாது சார்."

சகலை கல்லாவைக் கவிழ்த்துத் தேடினார். அட்டை பிரஷ் டப்பாவில், பெயிண்ட் ஒட்டிக்கொண்டு கிடைத்தது. பாதி முகம் பச்சை. பட்டாளம் அட்டையைப் பார்த்தார், பச்சைப் புருவத்தைப் பார்த்தார், பொருந்துகிறது என்று தலையாட்டினார். கையெழுத்து விழுந்தபோது மணி நான்கு ஐம்பத்தெட்டு. அப்படியே நேர்கோட்டில் ஆபீஸ் பின்வாசலுக்கு வந்து, படியில் உட்கார்ந்திருந்த காம்பஸைப் பார்க்காதவர்போலத் தாண்டி, உள்ளே போனார்.

கொஞ்ச நேரத்தில் மேனேஜரம்மா பின்வாசலுக்கு வந்தார். கையில் அன்றைய ரிப்போர்ட்.

"நாற்பதும் முடிஞ்சுது. போன் இல்ல, வழி கேக்கல. பம்ப் ஹவுஸை ஏன் ஏழு சுத்து சுத்தணும்னு மட்டும் எனக்குப் புரியல. திங்கக்கிழமை மேசைக்கு வந்துருங்க."

காம்பஸ் எழுந்து நன்றி சொல்லப் பார்த்தார். எழ முடியவில்லை. உட்கார்ந்தபடியே கும்பிட்டார்.

சகலை கடையைச் சாத்திவிட்டு ஸ்கூட்டரோடு வந்தார். முன்னால் இரண்டு பெயிண்ட் டின். பின்னால் காம்பஸ், மடங்காத காலை ஒரு பக்கம் நீட்டிக்கொண்டு. வழியில் போகிறவர்கள் அந்தக் காலுக்கு ஒதுங்கி வழிவிட்டார்கள்.

"பள்ளிக்கூடத்தைச் சுத்த வேண்டாம் சகலை. வலது பக்கம் ஒரு சந்து இருக்கு, நேரா உங்க வீட்டு வாசல். அஞ்சே நிமிஷம்," என்றார் சகலை.

சகலை அந்தப் பக்கம் வந்து நான்கு வருஷமாகிறது. அந்தச் சந்தின் முடிவில் போன வருஷமே ஒரு வீடு எழும்பி, முந்நூற்றுப் பன்னிரண்டு என்று நம்பரும் வாங்கிவிட்டது. அதற்கு மேல் வழி கிடையாது. போய் முட்டி, திரும்பி, மைதானத்தைச் சுற்றித்தான் வரவேண்டும். இருபத்திரண்டு வருஷத்தில் ஒருத்தரையும் தப்பான சந்துக்குள் விட்டதில்லை காம்பஸ்.

"வலது பக்கம்தானே?" என்றார் சகலை, வேகத்தைக் குறைத்து.

"வலது பக்கம்தான், போங்க," என்றார் காம்பஸ்.